எழுத்ததிகாரத்துக்குப் பத்தாம் இயல்

தமிழ்த்துறைக் கருத்தரங்க அழைப்பிதழ்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு ஓர் ஒழுங்கு புலப்படும். சங்க இலக்கியம் முற்பகலில் வரும். காப்பியமும் பக்தியும் தேநீருக்குப் பின் வரும். 'கணினித்தமிழ்' எப்போதும் மதிய உணவுக்குப் பின்னர்தான். அதுவும் வெளியூர்ப் பேராளர்கள் பேருந்து பிடிக்கக் கிளம்பிய பின்னர். அந்த அமர்வில் பேசுபவர் "உலக மொழிகளுள் கணினிக்கு மிகவும் ஏற்ற மொழி தமிழே" என்று தொடங்குவார். மிஞ்சியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். கட்டுரையைத் தட்டச்சு செய்தது தாங்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பேருந்து நிலையத்தருகே ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துவிட்டேன்" என்பார். அறியாமையை ஒப்புக்கொள்ளும் குரலில் அல்ல. அந்த வேலை தமக்குரியதன்று என்னும் பெருமிதத்தோடு.

அந்தப் பெருமிதத்தோடுதான் எனக்கு வழக்கு.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தமிழில் முதுகலை படித்தவன். கல்லூரியில் தமிழ் நடத்திப் பிழைப்பவன். இவ்விரண்டுக்கும் முன்பிருந்தே கணினிப் பித்தன். துறையில் என்னைக் 'கம்ப்யூட்டர்காரர்' என்பார்கள். அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் என்னை அழைப்பார்கள். பாடத்திட்டக் குழுவுக்கு அழைக்க மாட்டார்கள். தமிழ் தெரிந்தவனுக்குக் கணினி எதற்கு என்று ஒரு சாராரும், கணினி தெரிந்தவன் ஏன் தமிழ் படித்தான் என்று மறு சாராரும் முப்பது ஆண்டுகளாக என்னைக் கேட்டு வருகிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்பது இருவருக்குமே தெரியாது.

*

1992ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய அறைகள் பள்ளியில் இரண்டு. ஒன்று வழிபாட்டுக் கூடம், மற்றொன்று இது. திரைச்சீலை, தரைவிரிப்பு, நடுவில் துணி போர்த்திய 'பி.பி.சி. மைக்ரோ' கணினிகள். மைய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினித் திட்டத்தின் வழியாக அவை நாடெங்கும் பள்ளிகளுக்குப் போயின. நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட அது போதாது.

அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அதன் 'பேசிக்' மொழியில் ஒரு வழி இருந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளிகளை நிரப்பி, அதை எட்டு எண்களாக மாற்றிக் கொடுத்தால், அந்த வடிவத்தை ஓர் எழுத்தாகக் கணினி ஏற்றுக்கொள்ளும். கணக்குக் கோடு போட்ட நோட்டில் 'அ' வரைந்தேன். வந்தது. 'ப' வந்தது. 'ட' மிக எளிதாக வந்தது. 'ணை' வரவில்லை, எட்டுக் கட்டத்துக்குள் அத்தனை சுழிகளை அடக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் காத்திருந்தது. இவ்வாறு புதிதாக வரைந்துகொள்ள எளிதில் கிடைத்த இடங்கள் 32 மட்டுமே. தமிழுக்கோ 247 எழுத்துகள்.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று. மிஞ்சியது ஓரிடம். கால், கொம்பு, கொக்கி, சுழி எல்லாம் எங்கே வைப்பது? மெய்யை வைத்து உயிர்மெய்யை உண்டாக்குவதா, உயிர்மெய்யை வைத்துப் புள்ளியிட்டு மெய்யாக்குவதா? பதின்மூன்று வயதுப் பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கேள்வியோடு ஒரு மாதம் அலைந்தான்.

பின்னர் இளங்கலையில் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நடந்தபோது, நூன்மரபைக் கேட்டு வகுப்பே கொட்டாவி விட, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுத்து முப்பது, சார்ந்து வருவன மூன்று; மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்பது; அகரம் சேரும்போது புள்ளி நீங்கி உருவம் திரியாமல் நிற்கும், ஏனைய உயிர்கள் சேரும்போது உருவம் திரியும். என் நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒருவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். நான் தமிழ் படிக்க வந்தது சரி என்று உறுதிப்பட்டது அன்றுதான்.

*

நம்மவர்கள் கணினியைத் 'தொழில்நுட்பம்' என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கப்படுவது எழுத்திலக்கணம் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் சொல்வான். இன்று உலகம் முழுவதும் வழங்கும் யூனிகோட் குறியேற்றத்தில் அது ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. ஏனெனில் அங்கே அடிப்படை அகரமேறிய உயிர்மெய்; மெய் என்பது புள்ளியைச் சேர்த்துப் பெறப்படுவது. ஒலி நோக்கில் இது தலைகீழ். வரிவடிவ நோக்கில் தொல்காப்பியர் சொன்ன உருவ விதிக்கு இது நெருக்கமானதே. எது சரி? எழுத்து என்பது ஒலியா, வரியா? உரையாசிரியர் காலந்தொட்டு நாம் வாதிட்டு வரும் வினா இது. அந்த வினாவுக்கு ஒரு விடையைக் கணினியில் பதித்துவிட்டார்கள். பதித்தபோது நாம் அங்கு இல்லை.

இன்னொன்று. ஒரு மின்னூலகத் தேடலில் 'ஔவையார்' என்று தட்டிப் பாருங்கள். பிறகு, 'ஒ'வை அடுத்து 'ள' இட்டு 'ஒளவையார்' என்று தட்டிப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு. எளிய தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஔகாரத்தின் விசையை அறியாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து எழுதிய பழக்கத்தால், நம் மூதாட்டி இரண்டு பேராகிவிட்டாள். 'கௌதமன்' என்பதும் 'கெ', 'ள' இட்டு எழுதிய 'கெளதமன்' என்பதும் அப்படியே. எல்லாவற்றையும் ஒரே ஆணையில் மாற்றிவிடலாமே என்று பொறியாளர் சொல்வார். மாற்றினால் 'ஒளி'யும் 'தெளிவு'ம் சிதையும். எங்கே ஔகாரம், எங்கே ளகரம் என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் டி.டி.பி. கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறார்.

ஏட்டுச்சுவடியில் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலிருக்கும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. இவற்றையெல்லாம் கடந்துதான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சி.வை. தாமோதரம் பிள்ளை சுவடிகளோடு மல்லாடியதும் இதே வகை மல்லாட்டம்தான். ஒத்த வடிவங்களுள் சரியான எழுத்தைத் தேர்வது. விடுபட்டதை யாப்பாலும் பொருளாலும் மீட்பது. பாடபேதங்களை மறைக்காமல் தருவது. இதற்குச் 'சுவடியியல்' என்று பெயரிட்டுத் தாளாக வைத்திருக்கிறோம், தேர்வு நடத்துகிறோம். ரகரத்துக்கும் காலுக்கும் மயங்குவது புலமைச் சிக்கலாம். ஔகாரத்துக்கும் ளகரத்துக்கும் மயங்குவது தட்டச்சுப் பிழையாம்! ஓலையில் நிகழ்ந்தால் ஆராய்ச்சி, திரையில் நிகழ்ந்தால் கடைக்காரர் வேலை. இந்தப் பாகுபாட்டுக்கு எந்த நூலில் விதி இருக்கிறது?

*

இனி நான் சொல்லப்போவது என்மேல் நானே சாட்டும் குற்றம்.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் தம் வட்டாரத்துப் பேச்சுச் சொற்களைத் தொகுத்து வந்தார். உழவு, நெசவு, சமையல், சாவுச் சடங்கு என்று துறை துறையாகப் பிரித்து, சொல்லுக்கு ஓர் அட்டையாக, ஏறத்தாழ நாலாயிரம் அட்டைகள். கி. ராஜநாராயணன் கரிசலுக்குச் செய்ததைத் தம் பகுதிக்குச் செய்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நான் முதுகலை முடித்த காலத்தில், ஓய்வூதியப் பணத்தில் ஒரு டி.டி.பி. நிலையத்தில் கொடுத்து அவற்றைத் தட்டச்சு செய்ய வைத்தார். மெய்ப்புப் பார்த்தவன் நான். வேலை முடிந்து குறுந்தகடு கைக்கு வந்த அன்று, வீட்டில் இடமில்லை, அட்டைகளை என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"அதுதான் கணினியில் ஏறிவிட்டதே ஐயா" என்றேன்.

கணினிப் பித்தன் சொன்னான், ஆசிரியர் நம்பினார். அட்டைகள் எடைக்குப் போயின.

பதிப்பிக்க எவரும் முன்வரவில்லை. ஆண்டுகள் கழிந்தன. அவர் மறைந்தபின் குடும்பத்தார் குறுந்தகட்டை என்னிடம் கொடுத்தார்கள். திறந்தால் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் நாணயக் குறிகளும் வரிசையாக நின்றன. தட்டச்சு செய்தது அந்த நிலையம் மட்டும் வைத்திருந்த ஓர் எழுத்துருவில். நிலையத்தை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை.

மெய்ப்புப் பார்த்த பழைய தாள்கள் சில என்னிடம் எஞ்சியிருந்தன. அவற்றைத் திரையோடு ஒப்பிட்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை செய்தேன். அக்கால எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். அதை இடம் மாற்ற ஒரு நிரல் எழுதினேன். ஒரு கோடை விடுமுறை முழுதும் ஓடியது. பெரும்பகுதி மீண்டது. ஆனால் ஓர் எழுத்து மட்டும் மீளவில்லை. 'ழு' இருந்த இடத்தை இடையில் வந்த ஏதோ ஒரு மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத குறியாகக் கருதி விழுங்கியிருந்தது. தடமே இல்லை. 'புழுக்கம்' 'புக்கம்' என்று நின்றது. பொது அகராதியில் உள்ள சொற்களைப் பொருள் பார்த்து மீட்டேன். வேறு சிலவற்றை ஐயா வகுத்த அகரவரிசையே காட்டிக் கொடுத்தது. முன்னும் பின்னும் உள்ள சொற்களுக்கு நடுவே எந்த எழுத்து இருந்தால் வரிசை பிறழாது என்று பார்த்து நிரப்பினேன். பதினொரு சொற்கள் மட்டும் எதற்கும் அடங்கவில்லை. அவற்றைச் சொல்லிய பாட்டிகள் இல்லை, எழுதிய கை இல்லை, அட்டை இல்லை. அந்தப் பதினொன்றும் தமிழில் இனி எங்கும் இல்லை.

கரையானைப் பழிப்பதற்கு நமக்குத் தெரியும். ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி வகுப்பில் வருந்திப் பேசத் தெரியும். நான் விட்டது காவிரியிலன்று என்பதொன்றே வேறுபாடு.

*

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "எல்லாம் யூனிகோட் செய்த சதி, நம் எழுத்துகளை வடநாட்டு முறையில் அடுக்கிவிட்டார்கள்" என்றார். அதில் உண்மை உண்டு; சதி இல்லை.

1988இல் இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவாக 'இஸ்கி' என்னும் தரம் அமைந்தது. 1991இல் வந்த யூனிகோடின் முதற்பதிப்பு அதைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியது. மற்ற இந்திய எழுத்துகளோடு இணையாக நிற்க வேண்டியதால் னகரம் நகரத்துக்கு அருகிலும், றகரம் ரகரத்துக்கு அருகிலும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் அமர்ந்தன. குறியெண் வரிசைப்படியே அடுக்கினால் நம் நெடுங்கணக்கு வராது. தனியாக வரிசை விதி கொடுத்தால் வரும். அந்த விதி இன்று கிடைக்கிறது. ஆனால் அட்டவணையை மாற்ற இயலாது. ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி.

நாம் விழித்தது எப்போது? 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' குறியேற்றங்களும் அங்கே முடிவாயின. விசைப்பலகை இன்றும் வாழ்கிறது. எண்பிட்டுக் குறியேற்றங்கள் காலத்தால் பின்தள்ளப்பட்டன. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடையும் 'டேஸ்16' குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. பின்னது ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தருவது, ஆராய்ச்சிக்கு உகந்தது. ஆனால் அது இருப்பது தனிப்பயன் பகுதியில். ஒத்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே பொருள்படும் இடம். இடம்பிடிக்க வேண்டிய காலத்தில் போகாமல், பந்தி முடிந்தபின் இலை கேட்டால் திண்ணையில்தான் போடுவார்கள்.

அதே 2010இல், கிரந்த எழுத்துகள் தொடர்பான முன்மொழிவுகள் யூனிகோட் அமைப்பிடம் சென்றபோது எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கும். அறிக்கைகள் பறந்தன. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. கிரந்தத்துக்கு 2014இல் தனித்தொகுதி அமைந்தது, கூச்சல் அடங்கியது. 2019இல் முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்குமாக 51 குறிகள் கொண்ட தமிழ்ப் பின்னிணைப்புத் தொகுதி யூனிகோடில் சேர்ந்தது. கல்வெட்டும் பழங்கணக்கும் படிக்கும் எவருக்கும் அது பெருவரவு. அதைப் பற்றி எந்தத் துறையிலாவது ஓர் அரைமணி நேரம் பேசியிருப்பார்களா? எதிர்க்க வேண்டுமென்றால் வீதிக்கு வருகிறோம். பயன்படுத்த வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

'கணினிக்கு மிகவும் ஏற்ற மொழி' என்னும் வாய்ப்பந்தலையும் இங்கேயே பிரித்துவிடலாம். 1985இல் ரிக் பிரிக்ஸ் என்பவர் சமஸ்கிருத இலக்கண மரபையும் செயற்கை அறிவில் பொருளைக் குறிக்கும் முறையையும் ஒப்பிட்டு ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். அது கைமாறிக் கைமாறி, 'கணினிக்கு உகந்த மொழி சமஸ்கிருதம் என்று நாசா அறிவித்தது' என்று ஆயிற்று. அதைக் கேட்டுச் சிரித்த நாமே அடுத்த மேடையில் சமஸ்கிருதத்தை எடுத்துவிட்டுத் தமிழை வைத்துக்கொண்டோம். கணினிக்கு எந்த மொழியும் உகந்ததன்று, எந்த மொழியும் ஒவ்வாததன்று. உழைத்தவன் மொழி அதில் ஓடும்.

*

உழைத்தவர்கள் யார்? சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சிறுகதையாசிரியர், 1999இல் மறைந்தார். மலேசியாவில் முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலறிஞர். பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் சங்க நூல்களையும் திருமுறைகளையும் தட்டச்சு செய்தார்கள். இன்று ஆய்வேடு எழுதும் மாணவர் மேற்கோளை வெட்டி ஒட்டுவது பெரும்பாலும் அந்த உழைப்பிலிருந்துதான். பட்டியலில் பொறியாளர், வேதியியலார், மாணவர், இல்லத்தரசியர் என்று எத்தனையோ பேர். தமிழ் கற்பிப்பதற்கென்றே ஊதியம் பெறும் எங்களில் எத்தனை பேர்? விரல்கள் மிஞ்சும்.

கணினிப் பித்தர்களாகிய நாங்களும் தூயவர்கள் அல்லர். எந்தக் குறியேற்றம் உயர்ந்தது என்று இரவெல்லாம் வாதிட்டோம். அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு பழைய நூலைத் தட்டியிருக்கலாம். புதிய மென்பொருளுக்கு ஆசைப்பட்டோம். பழைய கோப்பு திறக்குமா என்று பார்க்கவில்லை. 'கணினியில் ஏறிவிட்டது' என்பதைக் 'காக்கப்பட்டது' என்று பொருள்கொண்டோம். என் ஆசிரியரிடம் நான் சொன்ன அந்த ஒரு வரியில் எங்கள் தலைமுறையின் ஆணவம் முழுவதும் இருக்கிறது.

இப்போது உரையாடும் பொறிகள் வந்துவிட்டன. ஒப்படைப்புக் கட்டுரைகளை மாணவர்கள் பொறியிடம் எழுதி வாங்குகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் புலம்பல். அந்தக் கட்டுரைகளில் தமிழ் செத்துக் கிடக்கிறது என்கிறார்கள். ஒப்புகிறேன். ஆனால் பொறி கற்பது திரையில் கிடக்கும் எழுத்திலிருந்து. நல்ல உரைநடையை, ஆய்வேடுகளை, வட்டாரச் சொல்லடைவுகளை நாம் அலமாரியிலும் அழிந்த எழுத்துருவிலும் பூட்டி வைத்தோம். சோறு போடாத பிள்ளை மெலிந்திருக்கிறதே என்று தாய் அங்கலாய்ப்பதா?

நான் கேட்பவை பெரியவை அல்ல. ஆய்வேட்டின் தாள்படியோடு யூனிகோட் எழுத்தில் அமைந்த கோப்பையும் பல்கலைக்கழகம் கேட்டு வாங்கி, எவரும் படிக்கும்படி வைக்கட்டும். சுவடியியல் தாளில் ஓர் அலகு குறியேற்றத்துக்கு ஒதுக்கட்டும். பழைய எழுத்துருக் கோப்பொன்றை மீட்பது அதன் செய்முறைத் தேர்வாகட்டும். முதுகலை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் தட்டச்சுக்குக் கடை தேடாமல் தாமே தமிழில் எழுதக் கற்றிருக்கட்டும். பணி ஓய்வு பெறும் பேராசிரியர்களின் குறிப்பேடுகளையும் குறுந்தகடுகளையும் துறையே கேட்டுப் பெறட்டும், அவர்கள் இருக்கும்போதே. மூலத்தாளை எவரும் எடைக்குப் போடாதிருக்கட்டும், கணினிக்காரன் சொன்னாலும்.

எழுத்ததிகாரத்தில் ஒன்பது இயல்கள். பத்தாவதை எழுதும் பொறுப்பு இந்தத் தலைமுறைத் தமிழாசிரியருக்கு வந்திருக்கிறது. அதை நாம் எழுதாவிட்டாலும் எவரோ எழுதத்தான் செய்வார்கள். 1991இல் எழுதியது போல.

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. பதினொரு சொற்கள், ஒவ்வொன்றிலும் ஓரெழுத்தின் இடம் வெற்றாக. ஐயாவின் ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் எடுத்துச் செல்கிறேன். வயதானவர்களைக் கண்டால் படித்துக் காட்டுகிறேன். இதுவரை ஒருவரும் நிரப்பவில்லை.